மலை கீழே கிடந்த படம்

பிள்ளைகளா, பள்ளிக்கூட அட்லஸைத் திறந்தால் அப்பா ஏன் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்க்கிறார் என்று நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். "அப்பாவுக்கு எழுத்துத் தெரியல போல" என்று சின்னவள் போன வாரம் அம்மாவிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. எழுத்துத் தெரியும். ஒன்பதாவது வரைக்கும் ஒழுங்காகப் படித்தவன்தான். இந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது, அதனால் ஒரு தடவை என்ன ஆகப் பார்த்தது என்பதை எழுதி வைக்கிறேன். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து ஓடிவிடுவீர்கள்.

அல்லிநகரத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் நான் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். மாடியில் இரண்டே அறை. வருசநாட்டுப் பக்கம் ஓடைகளின் குறுக்கே தடுப்பணை கட்டிக்கொடுப்பது அவர்கள் வேலை. மழைத் தண்ணீரை ஓடையிலேயே கொஞ்சம் நிறுத்தி வைத்தால் பக்கத்துக் கிணறுகளில் ஊறும். கட்டுமான வேலைகளைப் பார்க்க சார் ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டரைப் பார்க்க, வடுகபட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மேடம் ஒருவர். அவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு. என்னை அண்ணே என்பார்.

செயற்கைக்கோள் எடுத்த படங்களைக் காட்டும் ஒரு மென்பொருள் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. ஒரு நாள் மேடம் அதைத் திறந்து வைத்துக்கொண்டு, "அண்ணே, இதுல நம்ம ஜீப் போற பாதை எது?" என்று கேட்டார். எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. பச்சையும் செம்மண்ணுமாக ஏதோ கிடந்தது. படத்தின் மூலையில் ஒரு சக்கரம் இருந்தது. அதைப் பிடித்து இழுத்தால் படம் முழுவதும் சுற்றும். சும்மா இழுத்துப் பார்த்தேன். மலை படத்தின் உச்சிக்கு வந்து நின்றதும் எல்லாம் திறந்துகொண்டது. ஜீப் கண்ணாடி வழியாக நான் தினமும் பார்ப்பது அதுதானே? தேனியிலிருந்து வருசநாட்டுக்குத் தெற்கே பார்த்துத்தான் போக வேண்டும். மலை எதிரே நிற்கும். தண்ணீர் நம்மைப் பார்த்து வரும். இந்த வளைவு, அந்தப் பாலம், இலவம் மரம் நிற்கிற மேடு என்று விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே போனேன். மேடம் ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

அன்று முதல் படத்தில் குறி வைக்கும் வேலையும் எனக்கு வந்தது. ஓட்டம் இல்லாத நாட்களில் மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அணை கட்டத் தோதான இடங்கள் பெரும்பாலும் மரம் மூடிக் கிடக்கும், படத்தில் தெரியாது. அதனால் தெளிவாகத் தெரிகிற இடத்தில் ஓர் ஊசிக் குறி வைப்பேன். மீதியை எழுத்தில் போடுவேன்: "இரண்டு ஓடை கூடுமிடம். அணை இடது ஓடையில், நாற்பது தப்படி உள்ளே." கொத்தனாருக்குத் தாளையும் மலை மேலே இருக்கும்படி நானே அச்செடுத்துக் கொடுப்பேன். மூன்று வருடத்தில் இருநூறுக்கு மேல் அப்படிச் சேர்ந்துவிட்டது. அத்தனையும் நான் நடந்து பார்த்த இடங்கள். எனக்கு அதில் பெருமை உண்டு, மறைப்பானேன்.

ஒரு நாள் கம்ப்யூட்டருக்குக் கடிதம் வந்தது. மேடம் படித்துவிட்டு, "அண்ணே, இந்தப் படத்தை மாசக் கடைசியோட நிறுத்தப் போறாகளாம். புதுசுக்கு மாறிக்கச் சொல்றாக" என்றார்.

"அப்ப நம்ம குறியெல்லாம்?"

"அதெல்லாம் கூடவே கூட்டிட்டுப் போயிரலாம். கவலைப்படாதீக."

ஒரு மத்தியானத்தில் குறிகள் எல்லாம் புதிய தளத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நான் எழுதிய எழுத்தும் ஒன்று விடாமல் போனது. புதுப் படம் பழையதைவிடத் தெளிவு. மாட்டுக்கொட்டகைக் கூரைகூடத் தெரிந்தது. ஒரே ஒரு வித்தியாசம், அந்தச் சக்கரம் இல்லை. வடக்கு எப்போதும் மேலேயே இருக்கும், திருப்ப முடியாது. எனக்குக் கண்ணைக் கட்டி விட்ட மாதிரி இருந்தது. பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் யோசிக்கவில்லை. அதுதான் என் தப்பு.

அந்த வருடத்துப் பட்டியலில் முதல் அணை, நாற்பது எலுமிச்சை மரம் வைத்திருந்த ஓர் அக்காவின் கிணற்றுக்காக. புருஷன் இல்லாதவர், தனியாக விவசாயம் பார்த்தார். மாசி பிறந்தால் கிணறு தரை தட்டிவிடும். அப்புறம் மரத்துக்கு மரம் குடத்தில் தூக்கி ஊற்றுவார். இரண்டு கோடையாக அப்படித்தான். இன்னொரு கோடை தாங்காது, வெட்டி விறகுக்குப் போட வேண்டியதுதான் என்று என்னிடமே சொல்லியிருந்தார். நான் மேலே எழுதிக் காட்டினேனே, இரண்டு ஓடை கூடுமிடம் என்று, அது அவர் நிலத்தருகேதான். இடது ஓடை அவர் கிணற்றை உரசிக்கொண்டு வரும். வலது ஓடை வெறும் பாறைக்காட்டுக்குள் போகும்.

புதுப் படத்தையும் என் குறிப்பையும் தாளில் அச்செடுத்துக்கொண்டு சார் மோட்டார் சைக்கிளில் போய்க் கொத்தனாருக்கு இடம் காட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டுவிட்டு வந்தார். அன்று நான் ஜீப்புக்குப் பிரேக் பார்க்க ஒர்க்‌ஷாப்பில் நின்றிருந்தேன். இரண்டு நாள் கழித்து நானும் கொத்தனாருமாகச் சிமெண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு போனோம். இறங்கும்போதே அந்த அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"வாங்கண்ணே. அணை எனக்கா, இல்ல பாறைக்கா?"

"ஏங்க்கா?"

"அங்கன போய்ப் பாருங்க. சுண்ணாம்புக் கோட்டை எங்கன போட்டுட்டுப் போயிருக்காக."

பார்த்தேன். பாறைக்காட்டு ஓடையின் குறுக்கே வெள்ளைக்கோடு கிடந்தது. கொத்தனார், "பேப்பர்ல இடதுன்னு இருக்கு, சார் இடதைக் காட்டுனாக. நமக்கு என்ன தெரியும்?" என்று தாளை நீட்டினார். அக்காவும் எட்டிப் பார்த்தார்.

"இது நம்ம ஊரா?"

"ஆமாக்கா. இதான் மலை."

"மலையைத் தூக்கிக் காலடியில போட்டுட்டீக! தண்ணி கீழ இருந்து மேல ஏறுதா உங்க ஆபீசுல?"

கொத்தனார் சிரித்தார். நான் தாளை வாங்கித் தலைகீழாகத் திருப்பினேன். மலை மேலே வந்தது. இடது ஓடை, அக்காவின் கிணற்றுப் பக்கம் வந்து நின்றது. என் இடதும் வலதும் ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறவனின் இடதும் வலதும். வடக்கை மேலே வைத்துப் பார்க்கிறவருக்கு அத்தனையும் நேர்மாறு.

அந்த நேரத்தில் நான் சொன்னதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. "புதுப் படத்துல ஏதோ கோளாறுக்கா" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கோளாறு படத்துலயா, ஆளுலயா?"

மூட்டையை இறக்கி வைத்து, வேலையைத் தொடங்க வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். கடமலைக்குண்டு தாண்டும்வரை, சாரிடமும் படத்தின் மேலேயே பழியைப் போட்டுவிடலாம் என்றுதான் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. சார் நம்பியும் இருப்பார். ஆனால் இந்த ஒரு கோடு தப்பினால் மற்ற இருநூறு இடமும்? நான் வாயை மூடிக்கொண்டால் வருடா வருடம் யாரோ ஒருவர் கிணற்றுக்கு வர வேண்டிய அணை பாறைக்குப் போகும். கண்டமனூரில் வண்டியை நிறுத்தி ஒரு டீ குடித்தேன். அதற்குப் பிறகு மனசு கொஞ்சம் நேரானது.

சார் முழுவதையும் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தனை இடத்துல இப்படி எழுதியிருக்கீக?"

"எல்லாத்துலயும் சார்."

மேடத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணே, மூணு வருசமா வருசநாட்டையே தலைகீழா நிப்பாட்டி வச்சிருந்திருக்கீக!"

சார் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "பழைய படம் இன்னும் எத்தனை நாளைக்குத் திறக்கும்?" என்று மட்டும் கேட்டார். ஒன்பது நாள் பாக்கி இருந்தது.

சாருடைய கம்ப்யூட்டரையும் கொண்டுவந்து மேடத்தின் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்தோம். ஒன்றில் பழைய படத்தை என் வழக்கப்படி மலை மேலே இருக்கத் திறந்துகொண்டு நான் உட்கார்ந்தேன். மற்றதில் மேடம் புதுத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு குறியாக எடுத்து, இடது வலது இல்லாமல் நான் இடத்தைச் சொல்ல வேண்டும், அவர் மாற்றி எழுத வேண்டும். முதலில் "இலவம் மரத்துப் பக்கத்து ஓடை" என்று சொன்னேன்.

"மரத்தை வெட்டிட்டாகன்னா?"

"எலுமிச்சைத் தோட்டத்து ஓடை."

"அடுத்த வருசம் அதுல மொச்சை போட்டுட்டாகன்னா? சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும், அதைச் சொல்லுங்கண்ணே."

ஆக, கிழக்கு ஓடை, மேற்கு ஓடை. திசை தெரியாதவன் இல்லை நான். ஆனால் ஸ்டீயரிங் பிடித்த கைக்கு இடது வலதுதான் முந்திக்கொண்டு வரும். ஒரு தடவை வாய் தவறினால் மேடத்துக்கு ஓர் உளுந்தவடை என்று பந்தயம். முதல் நாள் ஏழு வடை. "அண்ணே, இப்படியே போனா எனக்கு வீட்டுல சோறாக்குற வேலை மிச்சம்" என்றார். நடுவில் கரண்ட் போய்விடும். இரண்டு பேரும் மாடி வராந்தாவில் நின்று ரோட்டை வேடிக்கை பார்ப்போம். வந்ததும் மறுபடி உட்காருவோம். ஐந்தாம் நாள் வடை ஒன்றாகக் குறைந்தது. எட்டாம் நாள் வடையே இல்லை. அன்று சாயங்காலம் கடைசிக் குறியை மாற்றி முடித்தபோது, வடை நானே வாங்கினேன், சாருக்கும் சேர்த்து.

மறுநாள் சாரையும் கொத்தனாரையும் ஜீப்பில் அழைத்துக்கொண்டு போனேன். சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழித்துவிட்டு, கிழக்கு ஓடையில் நாற்பது தப்படி நானே நடந்து காட்டினேன். சார் அந்த அக்காவிடம், "தப்பு எங்க ஆபீஸ் மேலதான்மா" என்றார்.

"ஆபீஸ் இல்லக்கா, நான்தான். அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றேன்.

"அன்னைக்கே உங்க மொகத்துல எழுதியிருந்துச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எலுமிச்சை பிழிந்து, உப்புப் போட்டு மூன்று டம்ளர் கொண்டுவந்தார். கொத்தனாருக்கு ஒன்று.

அணை புரட்டாசியில் முடிந்தது. ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. அதற்குள் பழைய படம் நின்றுபோய் மாதங்கள் ஆகிவிட்டன. அதைத் தேடவும் எனக்கு நேரம் இல்லை. புதுப் படமும் கைக்குப் பழகிவிட்டது.

மாசியில் வேறு ஊருக்கான தாள்களை எடுத்துக்கொண்டு நான் மட்டும் அந்த வழியாகப் போனேன். அக்கா வீட்டில் இல்லை. வண்டியை நிறுத்திக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். படிக்கட்டில் பாதிக்குமேல் தண்ணீர் நின்றது. எலுமிச்சை மரங்களுக்கு அடியில் பாத்தி கட்டியிருந்தார், மண் ஈரமாக இருந்தது.

ஜீப்புக்குத் திரும்பி வந்து தாள்களை மடியில் வைத்துக்கொண்டேன். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். பத்துப் பதினைந்து தாள் இருக்கும். ஒவ்வொன்றிலும் தாளின் கீழ் ஓரத்தில், மலை எந்தப் பக்கம் என்று பார்த்ததும் யாருக்கும் தெரிகிற மாதிரி, மூன்று மலை வரைந்தேன். அப்புறம் வண்டியை எடுத்தேன்.