ஃபாதர் பிடித்து வைத்த மழை

உள்ளங்கையில் ஒரு பால் பேடாவை வைத்துக்கொண்டு, அதைத் தின்பதா வேண்டாமா என்று தெரியாதவர் போல ஃபாதர் நின்ற நிற்பு எனக்கு மறக்கவில்லை. சாங்வியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கம், கார்கள் நிற்கும் இடத்தை ஒட்டி அன்று காலை போர்வெல்லில் தண்ணீர் வந்திருந்தது. சேறும் நீருமாகப் பீறிட்டு அடித்ததில் குழந்தைகள் நனைந்து கூத்தாடினார்கள். எங்கள் சொசைட்டி சேர்மன், ஓய்வு பெற்ற எஞ்சினியர், தேங்காய் உடைத்துவிட்டு எல்லாருக்கும் பேடா கொடுத்துக்கொண்டிருந்தார். மதில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்த ஃபாதரையும் அவர் விடவில்லை. "யா ஃபாதர், யா! பாணி லாகல!" என்று மராட்டியில் கத்திக் கூப்பிட்டார், தண்ணீர் கிடைத்துவிட்ட பூரிப்பில். ஃபாதர் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து கையை நீட்டி வாங்கினார். "பஹுத் அச்சா" என்றார். அதற்கப்புறம்தான் அப்படி நின்றார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பது குருமடம். பாதிரியாராகப் போகும் இளைஞர்கள் பல மாநிலங்களிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் இடம். ஃபாதர் அங்கே வகுப்பு எடுத்தார், அந்த வளாகத்தின் மரம், மண், தண்ணீர் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். ராதாபுரம் பக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். நான் கோயம்புத்தூர், கம்ப்யூட்டர் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. ஒரு நாள் பால்கனியில் துணி உலர்த்தும்போது "எலே, மெதுவாத் தோண்டுல!" என்று ஒரு குரல் கேட்டது. ஜார்க்கண்டிலிருந்து வந்த பையனிடம் அவர் தமிழில் கத்திக்கொண்டிருந்தார். அவன் திருதிருவென்று விழித்தான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "தமிழாம்மா நீங்க? சும்மாதான நிக்கிய, வந்து ரெண்டு கூடை மண்ணு அள்ளுங்க" என்றார். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே மண் அள்ளப் போக ஆரம்பித்தேன்.

அந்த வளாகம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும் நிலம். ஆனியிலும் ஆடியிலும் கொட்டுகிற மழையெல்லாம் முன்பு நேரே ரோட்டுக்கு ஓடிவிடும். ஃபாதர் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நீளப் பள்ளங்கள் வெட்டச் செய்தார். தண்ணீர் அதில் நின்று, மெல்ல மெல்லக் கீழே இறங்க வேண்டும் என்பது கணக்கு. அங்கே ஒரு பழைய கிணறு வறண்டு, பிளாஸ்டிக் பைகள் நிரம்பிக் கிடந்தது. சில மழைக்காலங்கள் போன பிறகு ஒரு மே மாதத்தில் அதில் தண்ணீர் மினுங்கியது. மாணவர்கள் மாறி மாறி எட்டிப் பார்த்து அதில் தங்கள் முகத்தைக் கண்டார்கள். ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவக்காலத்தில் அவர்கள் இறைச்சியோடு தண்ணீரையும் குறைத்தார்கள். ஆளுக்கு ஒரு வாளிக் குளியல், பாத்திரம் கழுவிய நீர் வாழைக்கு. அதையும் செபத்தில் சேர்த்தியாகவே நினைத்தார்கள். நான் சாமி கும்பிடுகிற விதம் வேறு. ஆனாலும் அந்தக் கிணற்றைப் பார்த்தபோது கைகள் தானாகக் குவிந்தன.

எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு டேங்கர் தண்ணீர்தான். கோடையில் அது வந்தால் வந்தது. மாமியார் டிரம்மிலும் குக்கரிலும்கூடத் தண்ணீர் பிடித்து வைப்பார். மூன்றாவது மாடியில் படுக்கையோடு கிடந்த ஒரு பெரியவரைத் துடைத்துவிடத் தண்ணீர் இல்லாமல் அவர் மகள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். சேர்மன் போர்வெல் என்று சொன்னபோது கை தூக்காதவர்கள் யாருமில்லை. தண்ணீர் வந்த அன்று என் வீட்டுக் குழாயைத் திறந்து, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன்.

போர்வெல் போட்ட அந்த ஆண்டுத் தவக்காலம் முடிவதற்குள் குருமடத்துக் கிணறு இறங்க ஆரம்பித்தது. முதலில் படி தெரிந்தது, அப்புறம் பாறை, கடைசியில் சேறு. ஈஸ்டருக்குத் தீர்த்தம் மந்திரிக்கக்கூட டேங்கர் தண்ணீரைத்தான் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நிலத்தடி நீர் பற்றிக் கல்லூரியில் பாடம் நடத்தும் ஒருவரை ஃபாதர் அழைத்து வந்தார். அவர் இரண்டு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, அடியில் பாறை விரிசல் எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியாது, போர்வெல் இழுத்திருக்கலாம், இழுக்காமலும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது இன்னும் குழப்பமாகப் போயிற்று. எங்கள் குற்றம் என்றோ இல்லை என்றோ உறுதியாகச் சொல்லியிருந்தால் ஒரு பக்கம் நின்றிருப்பேன்.

அடுத்த ஞாயிறு மாணவர்கள் மண்வெட்டியைத் தொடவில்லை. அந்த ஜார்க்கண்ட் மாணவன்தான் பேசினான், இந்தியில். "நாங்க ஒரு வாளியில குளிச்சது அவங்க கார் கழுவவா, ஃபாதர்?" யாரோ ஒருவன் சமாதானமாக, "மழை எல்லாருக்கும் பொதுதானே" என்று ஆரம்பித்தான். ஃபாதர் சட்டென்று திரும்பி, "அதை இப்பச் சொல்லாதே" என்றார். அவர் அப்படிக் கடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. குருமட அதிபர் மாநகராட்சிக்குப் புகார் எழுதச் சொன்னபோதும் ஃபாதர் எழுதவில்லை. சேர்மனிடம் சண்டைக்கும் போகவில்லை. ஒரு பள்ளத்தில் இறங்கித் தனியாக வெட்ட ஆரம்பித்தார். நான் கூடையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏனுங்க ஃபாதர், எங்க போர்வெல் உறிஞ்சறதுக்கா இத்தனையும் தோண்டறீங்க?"

"தெரியலம்மா."

"எங்களை மன்னிச்சிட்டீங்களா?"

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "இல்லையே. செபம் சொல்ல உக்காந்தா உங்க சேர்மன் மூஞ்சிதான் வருது. தோண்டும்போதுதான் அது கொஞ்சம் அடங்குது. அதான் தோண்டுதேன்." பிறகு, "மூணாவது மாடிப் பெரியவரு எப்படி இருக்காரு?" என்று கேட்டார். நான் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்திருந்தார். நன்றாக இருக்கிறார், தினமும் குளிப்பாட்டுகிறார்கள் என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தார். அந்தச் 'சரி'யில் இருந்தது நிம்மதியா சலிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மழை தொடங்குவதற்கு முன்பே அவரை விதர்ப்பா பக்கம் ஒரு கிராமப் பங்குக் கோயிலுக்கு மாற்றிவிட்டார்கள். பாதிரியார்களுக்கு மாற்றல் வழக்கம்தான் என்றார்கள். அதிபரின் சொல்லைக் கேட்காததால்தான் என்றும் சிலர் சொன்னார்கள். ஒரு பையோடு ஆட்டோவில் ஏறினார். மாணவர்கள் வாசல்வரை வந்தார்கள். ஜார்க்கண்ட் மாணவன் மட்டும் வரவில்லை. அவன் கிணற்றடியில் உட்கார்ந்திருந்ததை என் பால்கனியிலிருந்து பார்த்தேன்.

இந்தக் கோடையில் எங்கள் போர்வெல்லும் காற்றைக் கக்க ஆரம்பித்தது. சேர்மன் கூட்டம் போட்டார். "அந்த ஃபாதர் வெட்டின பள்ளங்கள் தூர்ந்துபோச்சு. அதை நாமளே சரிபண்ணிக் கொடுக்கலாம், நமக்கும்தானே லாபம்" என்றார் இந்தியில். எல்லாரும் கை தட்டினார்கள். அதிபரிடம் அனுமதி வாங்கி ஒரு ஜேசிபி வரவழைத்தார். மாணவர்கள் ஒரு மழைக்காலம் முழுக்க வெட்டியதை அந்த இயந்திரம் மத்தியானத்துக்குள் அள்ளி முடித்தது, இன்னும் ஆழமாக, இன்னும் அகலமாக. கரையில் பிடித்திருந்த புல்லும் வேரோடு போயிற்று. சேர்மன் வெயிலில் கடைசிவரை குடை இல்லாமல் நின்றார். போகும்போது என்னிடம், "ஃபாதர் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு இல்ல, மேடம்?" என்று கேட்டார். அவர் உண்மையாகத்தான் கேட்டார். நான் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலமே ஃபாதருக்குப் போன் செய்தேன். அவர் ஊரில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், ஜேசிபி, சேர்மன், குடையில்லாமல் நின்றது.

"அள்ளுன மண்ண எங்கம்மா கொட்டுனாங்க?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. "பாத்துச் சொல்லுதியளா? மேல் மண்ணு. அது உருவாக ரொம்பக் காலம் ஆகும்" என்றார். சரி என்றேன்.

பால்கனிக்கு வந்து கீழே பார்த்தேன். எங்கள் சொசைட்டித் தோட்டத்தில் புது மண் பரப்பியிருந்தது, ஈரக் கறுப்பாக. தோட்டக்காரர் ரோஜாக் கன்றுகளை நட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடிப் பெரியவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபாதருக்கு இன்னும் நான் சொல்லவில்லை. போனைக் கையில் எடுக்கிறேன், வைக்கிறேன். இதை நல்ல சேதியாகச் சொல்வதா, கெட்ட சேதியாகச் சொல்வதா என்று தெரியவில்லை.