காதோடு சொன்ன எண்

இலங்கையில் யுத்த காலம். யட்டியாந்தோட்டையில் அரசாங்கக் கணினி நிலையத்தில் வேலை செய்தேன். ரப்பர் பால் கறை படிந்த விரல்களோடு ஒருவர், மகளின் பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வந்தார். சட்டைப்பையிலிருந்த அடையாள அட்டையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“இந்த நம்பர வேறொருத்தன் பாவிச்சா, பொலிஸ் என்னயத்தான் தேடி வரும். வெளிய போகாதுங்களே தம்பி?”

“போகாதுங்க” என்று, சுவரில் ஒட்டியிருந்த தகவல் பாதுகாப்புச் சுற்றறிக்கையைக் காட்டினேன்.

அவர் குனிந்து என் காதோடு எண்ணைச் சொன்னார். நான் தட்டச்சு செய்துவிட்டு, வழக்கம்போல் சரிபார்க்க உரக்கப் படித்தேன். வரிசையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“கம்ப்யூட்டரத்தாங்க யோசிச்சேன். ஒங்கள யோசிக்கல” என்றார். எழுந்து போனவர் திரும்பவேயில்லை.

விண்ணப்பத்தை அன்றே அழித்துவிட்டேன். அந்த எண் மட்டும் எனக்கு இன்னும் மனப்பாடம்.