சராசரித் தபால்காரன்

எங்கள் ஊர்த் தபால்காரர் லீவு போட்டால் அவருக்குப் பதிலாகக் கடிதம் கொண்டுபோகிறவன் நான். வேலைக்குப் போன நாளுக்குத்தான் சம்பளம். அவரோ இரும்பு உடம்புக்காரர், மாரி மழையில் நனைந்தாலும் தும்மமாட்டார். அவருடைய சுகத்தை அவருடைய மனைவியைவிட நான்தான் அதிகம் விசாரிப்பேன். ஒருமுறை காய்ச்சலில் நாலு நாள் படுத்தார். எங்கள் வீட்டில் நாலு நாளும் மீன்குழம்பு. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சாப்பிட்டேன்.

மகள் உடுப்பிட்டியில் படிக்கிறாள். எங்கள் பக்கம் பஸ் வராது. பிள்ளைகளை ஏற்றிப்போகும் பள்ளிக்கூட வானை நிறுத்தினால் நடைதான். அந்த வான் காசுக்காகத்தான் அரசாங்கத்தின் மாத உதவிக்கு விண்ணப்பித்தேன். வீட்டைப் பார்க்க ஒரு இளம் உத்தியோகத்தர் வந்தார். கூரையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கோழிகளை எண்ணினார். என் தொழிலைக் கேட்டதும் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார்.

"தபால் ஊழியர்களின்ரை சராசரிச் சம்பளம் நல்லாத்தானே இருக்கு அண்ணை. உங்களுக்கு என்னத்துக்கு உதவி?"

"தம்பி, போன மாதம் நான் மூண்டு நாள்தான் வேலைக்குப் போனனான்."

"அது வேறை. இது எல்லாற்றை சம்பளத்தையும் கூட்டிப் பிரிச்சு எடுத்தது. அதுக்குள்ளை நீங்களும் இருக்கிறியள்."

"கூட்டேக்கை என்னையும் சேர்த்திருக்கினம். பிரிச்சுக் குடுக்கேக்கைதான் மறந்திட்டினம்."

அவர் சிரிக்கவில்லை. அந்தத் தொகையை என் பெயருக்கு நேரே அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு போனார்.

எனக்குப் பொல்லாத கோபம். மறுநாள் தபால் கந்தோருக்குப் போய், அந்தச் சராசரிச் சம்பளத்தை எடுக்கிற புண்ணியவான் யார் என்று விசாரித்தேன். தபாலதிபர் தனக்கு அதைவிடக் கூட என்றார். தபால்காரர் தனக்குக் குறைவு என்று சத்தியம் பண்ணினார். கந்தோரைத் துப்புரவாக்கும் அம்மாவிடம் கேட்கப் பயமாக இருந்தது, கையில் விளக்குமாறு வைத்திருந்தார். ஆக, அந்தச் சம்பளத்தை அங்கே ஒருவரும் எடுக்கவில்லை. கடதாசியில் நான் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் தபால்காரர் ஒரு கலியாண வீட்டுக்காக ஒரு நாள் லீவு போட்டார். சந்தோஷமாகப் பையைத் தூக்கினேன். உள்ளே எனக்கே ஒரு பதிவுத் தபால். இங்கேயே கையெழுத்து வைத்து எடுக்கிறேன் என்றேன்.

"விலாசத்திலைதான் குடுக்கவேணும். சட்டம் சட்டம்தான்," என்றார் தபாலதிபர்.

வெயிலில் சைக்கிள் மிதித்துப்போய் என் வீட்டுப் படலையில் நின்று மணி அடித்தேன். மனைவி கையைத் துடைத்தபடி ஓடிவந்தாள். உறையைக் கண்டதும் உதவி கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டாள், முகமெல்லாம் சிரிப்பு. நானே கொடுத்து, நானே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வைத்தேன். அவள் பிரித்து வாசித்தாள்.

"உங்கடை வருமானம் போதுமாம்," என்றாள். சிரிப்பைக் காணவில்லை. "அப்ப வான்காரரை வரவேண்டாமெண்டு சொல்லட்டே?"

"ஓம், சொல்லும்," என்றேன். எனக்கு அழுகை வந்தது. நின்று அழவும் முடியாது, பையில் இன்னும் பதினாறு கடிதங்கள் கிடந்தன. அந்த மாதம் முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே வேலைநாள் அது.