திரும்பிடலாமா என்று கேட்ட சம்மந்தி

காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தேன். பேத்தி திவ்யா போன் பண்ணினாள். "ஆயா, நைனார்பாளையத்து ஆயா போயிட்டாங்க" என்றாள். மாடு குடித்து முடித்துத் தலையைத் தூக்கிப் பார்க்கிற வரைக்கும் நான் அங்கேயே நின்றிருந்தேன்.

அஞ்சலையம்மாள் என் சம்மந்தி. அவர்கள் மகனுக்குத்தான் என் பெண்ணைக் கொடுத்திருக்கிறோம். நைனார்பாளையத்தில் இட்லிக் கடை வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் அவர்களைத் தெரியாதவர்கள் கம்மி. பதினாறாம் நாள் படத்திறப்பில் படிக்க வேண்டும், நீயே எழுது என்று பேத்தி சொல்லிவிட்டாள். அஞ்சாவது வரைக்கும் படித்தவள், தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

திவ்யா கைக்குழந்தையாக இருந்தபோது நெஞ்சில் சளி கட்டி, பிழைப்பாளா மாட்டாளா என்று இருந்தது. பிழைத்தால் கல்வராயன் மலையில் இருக்கிற அம்மனுக்கு நடந்தே ஏறி வந்து மாவிளக்கு போடுகிறோம் என்று ஆயாக்கள் இரண்டு பேரும் சேர்ந்து வேண்டிக்கொண்டோம். பிழைத்தாள். சங்கராபுரத்துப் பக்கம் என்னோடு நடவு நடுகிற பெண்களும் துணைக்குக் கிளம்பினார்கள். மலைக்கு பஸ் போகிறதே என்று கேட்பீர்கள். நாங்கள் வேண்டிக்கொண்டது பஸ்ஸுக்கு இல்லை.

எங்களுக்குத் தெரிந்தது காண்ட்ராக்ட் நடவு. சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், பின்தங்கினவளைக் கேலி பண்ணியே இழுத்து வருவோம். மலையையும் ஒரு கழனி என்றே நினைத்துவிட்டோம். பாட்டுப் பாடிக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி முந்தி ஏறினோம். சம்மந்தி புளிச்சோற்று மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கடைசியில் வந்தார்கள்.

"இன்னாக்கா, நீ வர்றதுக்குள்ள ஒரு ஈடு இட்லி வெந்துடும் போலக்கீதே" என்றாள் எங்கள் நடவு செட்டில் இருக்கிற ராணி.

"நீ ஓடும்மா. சோறு எங்கிட்டதான் இருக்குது" என்றார்கள் சம்மந்தி.

பாதி மலை வருவதற்குள் ஆளுக்கொரு பாறையில் சாய்ந்துவிட்டோம். எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, வாந்தியும் எடுத்தேன். அதே நடையில் வந்து சேர்ந்த சம்மந்தி, முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "திரும்பிடலாமா சம்மந்தி?" என்று கேட்டார்கள்.

பெண் கொடுத்த வீட்டம்மாளிடம் முடியவில்லை என்று சொல்வதா? "இன்னாத்துக்குத் திரும்பணும்? நடங்க" என்றேன்.

அதற்குப் பிறகு சம்மந்தி ஒரு வரிசை வைத்தார்கள். கால் முடியாதவள் முன்னால், ஓடுகிறவள் கடைசியில், யாரும் யாரையும் தாண்டக்கூடாது. நான் முன்னால் போனேன். "எருமையை முன்னால வுட்டுக்கினு போறோம்" என்று ராணி பின்னாலிருந்து முனகினாள். ஆனால் அப்புறம் ஒருத்தியும் படுக்கவில்லை. ஒரு பலாமரத்தடியில் சம்மந்தி மறுபடியும் கேட்டார்கள், "திரும்பிடலாமா?" ஓடையைத் தாண்டியும் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நான் வீம்புக்கு வேணாம் என்றேன். அப்படியே கோயில் வந்துவிட்டது.

மாவிளக்கு போட்டு உட்கார்ந்ததும், "கேட்டுக் கேட்டே என்னை மேல ஏத்திட்டீங்க" என்றேன்.

"அட, நீங்க ஒண்ணு. எனக்கு முட்டி வுட்டுப்போச்சு. நெசமாத்தான் கேட்டுக்கினு வந்தேன். நீங்க சரின்னு சொல்லியிருந்தா அப்பவே எறங்கியிருப்பேன்" என்றார்கள்.

சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது. நான் அவர்களைப் பார்த்து ஏறினேன், அவர்கள் என்னைப் பார்த்து ஏறினார்கள். தனித்தனியாக எங்கள் இரண்டு பேரிடமும் அவ்வளவு தெம்பு இருந்ததாகத் தெரியவில்லை.

போன வருஷம் சம்மந்திக்குக் கிட்னி போய்விட்டது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். என் மருமகன் வேலைக்குப் போகணும், அதனால் கூடப் போய் உட்காருவது நான்தான். திவ்யா நர்சுக்குப் படிக்கிறாள். எங்கள் இரண்டு வம்சத்திலும் வெள்ளைக் கோட்டு போட்ட முதல் பெண் அவள். ரத்த அளவு, உப்பு அளவு எல்லாம் போனிலேயே கேட்டு, ஆயாவை எப்படியும் பிழைக்க வைத்துவிட வேண்டும் என்று இருந்தாள்.

போகப் போக அவர்கள் கையில் ஊசி குத்த இடம் இல்லை. ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "திரும்பிடலாமா சம்மந்தி?" என்றார்கள்.

வேணாம், நடங்க என்று வாய் வரைக்கும் வந்தது. நெசமாத்தான் கேட்கிறார்கள் என்று அந்த மலை எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

"சரி சம்மந்தி, திரும்பிடலாம்" என்றேன்.

டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா மறைக்காமல் எடுத்துச் சொன்னார். சம்மந்தி கேட்டுக்கொண்டு தலையாட்டினார்கள். திவ்யாதான் என்னிடம் சண்டைக்கு வந்தாள். "நீ எப்படி ஆயா சரின்னு சொன்ன?"

"படிச்சவ நீ. ஆனா குத்து வாங்குனது அவங்க கை" என்றேன்.

ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் லீவு போட்டுக்கொண்டு நைனார்பாளையம் வந்து உட்கார்ந்தாள். புரட்டிப் படுக்க வைத்தது, துடைத்துவிட்டது, வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணி விட்டது எல்லாம் அவள்தான். ஆஸ்பத்திரியில் தொடவே கூடாது என்ற கருவாட்டுக் குழம்பை ஒரு வாய் கேட்டபோது, ஊட்டிவிட்டதும் அவள்தான். என் பேத்தி என்று நான் பெருமைப்படுவது அவள் வாங்கின மார்க்குக்கு இல்லை, அந்த ஒரு வாய்க்குத்தான்.

சம்மந்தி, சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும் என்பது நம் முறை. அதனால் அன்றைக்கு உங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டேன். இன்றைக்கு எல்லார் முன்னாலும் சொல்லிக்கொள்கிறேன். பேத்தி படிப்பு முடியணும், அவளுக்கு ஒரு நல்லது பார்க்கணும், எனக்கு இன்னும் கொஞ்சம் நடை பாக்கி இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள். நான் போயிட்டு வரேன்.