தரையைத் தொடாத வீடு

அக்காவுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் அஸ்தினாபுரத்திலிருந்து பீர்க்கன்கரணைக்குப் போனோம். கல்யாணப் பெண் எங்களோடு வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் அக்கா வீட்டிலேயே இருந்தாள். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். ஏரிக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு வாங்கித் தனியாக இருந்தார். வீடு பிடித்தால் போதகரிடம் தேதி கேட்பது, பிடிக்காவிட்டால் இத்தோடு விட்டுவிடுவது என்று அம்மா முடிவு செய்திருந்தாள். அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. அது எனக்குத் தெரியும். ஒரு மாதமாக அவள் என்னிடம் சண்டை போடவே இல்லை.

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பெயின்ட் வேலைக்குப் போனவன். ஆகவே சுவரைச் சோதிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

மாப்பிள்ளை கதவைத் திறந்தார். ஆறடிக்குக் குறையாத ஆள். உள்ளே நுழைந்ததுமே அம்மா என் கையைக் கிள்ளினாள். ஹாலில் சோபா இல்லை, பீரோ இல்லை, ஒரு காலண்டர்கூட இல்லை. சுவர் முழுக்க இடுப்பு உயரம் வரை சாம்பல் நிறச் சிமென்ட் பூச்சு, அதற்கு மேல் வெள்ளை.

"இன்னாடா, பெயின்டரு பாதில ஓடிட்டானா?" என்று அம்மா என் காதில் கேட்டாள்.

"ஓடலம்மா. இப்ப இதான் ஸ்டைலு. புது ஜோடிங்க எல்லாம் பூசாத செவுரு மாதிரி பூசச் சொல்றாங்க."

"பூசாத மாதிரி இன்னாத்துக்கு பூசணும்? பூசாமலே வுட்டுட வேண்டியதுதானே?"



அப்பாவுக்கு முட்டிவலி. உட்கார இடம் தேடி, மூலையில் மூட்டை மாதிரி கிடந்த பீன் பேக்கில் உட்கார்ந்தார். அது அவரை அப்படியே உள்ளே வாங்கிக்கொண்டது. "யப்பா, என்ன வெளிய இழுடா" என்றார். "இருப்பா, போறப்ப மூட்டையோட தூக்கிகினு போறேன்" என்றேன். மாப்பிள்ளை சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மாப்பிள்ளை காபி கலக்கப் போன நேரத்தில் அவள் தன் சந்தேகத்தைக் கொட்டினாள்.

"சாமான எல்லாம் வித்துட்டானா? இல்ல, ஏற்கெனவே ஒருத்தி வந்து எல்லாத்தையும் வாரிகினு போய்ட்டாளா?"

எனக்கு வேறு சந்தேகம். போனில் சார்ஜ் கொஞ்சம்தான் இருந்தது, செருக இடம் தேடினேன். மற்ற வீடுகளில் முட்டி உயரத்தில் ஒரு பிளக் பாயின்டாவது இருக்கும். இங்கே எல்லாம் என் தோள் உயரத்தில் இருந்தன. டிவிக்குக் கீழே உள்ள பெட்டி சுவரில் தொங்கியது. சாப்பாட்டு மேசை சுவரோடு மடிந்திருந்தது. செருப்பு அலமாரியும் அந்தரத்தில்தான். ஃப்ரிட்ஜ் மட்டும் ஒரு சிமென்ட் மேடை மேல் சிலை மாதிரி நின்றது. அந்த வீட்டில் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தவை அப்பாவின் மூட்டையும் எங்கள் கால்களும்தான்.

செருப்பு அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தடவினேன். வெள்ளையாக மாவு ஒட்டியது. உப்பு. தண்ணீர் ஏறி ஓதம் அடித்த சுவர் என் கைக்குத் தெரியாமல் போகாது. வாடகைக்கு விடுகிற வீடுகளில் இதே சாம்பல் பூச்சைப் போட்டு, இதே உப்பை எத்தனை முறை நானே மறைத்துக் கொடுத்திருக்கிறேன்! திருட்டுத்தனம் தெரிந்தவனிடமே திருட்டுத்தனமா என்று கோபம் வந்தது.

மாப்பிள்ளையைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

"சார், உங்க வூட்டுக்குள்ள ஏரி எத்தினி வாட்டி வந்துச்சு?"

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "ரெண்டு தடவ. முட்டிக்கு மேல."

"அத மறைச்சி எங்க அக்காவ இங்க கூட்டியாந்து நீச்சல் கத்துக்குடுக்கப் போறீங்களா?"

"அவங்ககிட்ட மொத நாளே சொல்லிட்டேன். இந்த ஹைட் எல்லாமே அவங்க சொன்னதுதான்."

நான் நம்பவில்லை. அங்கேயே அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் அவளே கேட்டாள்: "செவுத்த நோண்டிட்டியா? நீ நோண்டுவன்னு தெரியும்டா."

"நீ எப்ப இங்க வந்த?"

"மூணு சனிக்கிழம ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கப் போனேன்ல?"

அக்கா நர்சரி பள்ளிக்கூடத்தில் டீச்சர். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு என்ன ஸ்பெஷல் கிளாஸ் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

"அம்மாகிட்ட சொல்லாதடா. ஏரித் தண்ணின்னு கேட்டாலே வேணாம்னுடுவா. எனக்கு இவரு வேணும்." கடைசி வார்த்தையில் அவள் குரல் இறங்கியது. என்னிடம் அவள் எதையும் கெஞ்சிக் கேட்டது கிடையாது.

நான் ஹாலுக்கு வந்தபோது அம்மா பையிலிருந்து பைபிள் வசனம் எழுதிய ஒரு பலகையை எடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளைக்குக் கொண்டுவந்த பரிசு. "வெறும் செவுரு நல்லாவே இல்ல. இங்க மாட்டுடா" என்று சாம்பல் பூச்சின் மேல் வைத்துக் காட்டினாள். நான் அதை வாங்கி, வெள்ளைப் பகுதியில் என் தலைக்கு நேராக வைத்தேன்.

"அவ்ளோ ஒசரத்துலயா? உக்காந்துகினு எப்டிப் படிக்கிறது?"

"அங்க வேணாம்மா. இங்கதான்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாம்பல் பூச்சு முடிகிற இடத்தை. பிறகு பிளக்குகளை ஒவ்வொன்றாக. கடைசியில் மேடை மேல் நின்ற ஃப்ரிட்ஜை. எங்கள் வீட்டிலும் மழைக்கு முன்னால் பீரோவைச் செங்கல் மேல் ஏற்றுகிறவள் அவள்தான்.

"தண்ணி வருமா தம்பி?"

"வரும் ஆன்ட்டி" என்றார் மாப்பிள்ளை. தலையைக் குனியவில்லை.

அம்மா ஃப்ரிட்ஜ் மேடையைக் கையால் அளந்து பார்த்தாள்.

"இதுக்கு அடியில இன்னும் ரெண்டு கல்லு வெச்சிக் கட்டு. மோட்டார் அடியிலதான் கீது" என்றாள். சொல்லிவிட்டு, கிச்சன் வரை போய் ஆறிப்போன காபியைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். நான் பலகையை வெள்ளைப் பகுதியிலேயே ஆணி அடித்து மாட்டினேன்.

ஆட்டோவில் திரும்பினோம். பெருங்களத்தூர் தாண்டியதும் அம்மா ஆரம்பித்தாள்.

"கிச்சன்ல மசாலா டப்பா வெக்கிற பலக என் நெத்திக்கு நேரா கீது. அவன் நின்னா நெஞ்சுல இடிக்கும். யாரு ஒசரத்துக்குடா அளவெடுத்தாங்க?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்?"

"உங்க அக்காவும் என் ஒசரந்தான்."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"எல்.கே.ஜி. பசங்களுக்கு சனிக்கிழம இன்னாடா ஸ்பெஷல் கிளாஸு?"