பின்பக்கத்துப் புது ஓடுகள்

பாசிர் கூடாங்கில் எங்கள் வீடு ஒழுகியபோது கூரை பார்க்க வந்தவர் அவர். ஒல்லியான ஆள், கழுத்தில் ஈரத்துண்டு. ஓடு ஓடாக விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார்.

உடைந்தவை முன்பக்கம். அவரோ பின்பக்கத்திலிருந்து வெளுத்த பழைய ஓடுகளைக் கழற்றி முன்னால் பொருத்தினார். புதியவற்றைப் பின்னால் வைத்தார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கு எரிச்சல்.

"எதுக்குண்ணே ரெண்டு வேலை?"

"கலர் மாறிட்டா, ரொம்ப நாள் கழிச்சு வர்றவங்களுக்கு வீடு அடையாளம் தெரியாதுக்கா."

சிங்கப்பூர் போய் வீட்டுப்பக்கமே வராத என் மகனைப் பற்றி அவரிடம் நான் மூச்சுவிடவில்லை. அவர் யாரை நினைத்துச் சொன்னாரோ, கேட்கத் தோன்றவில்லை.

இப்போது ஒழுகுவதில்லை. கடைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ரோட்டில் நின்று நிமிர்ந்து பார்க்கிறேன். அதே வெளுத்த சிவப்பு. தெருமுனையிலிருந்தே தெரிகிறது, எங்கள் வீடுதான்.