அண்டாவில் விழுந்த வெள்ளை

எனக்குத் தொழில் பட்டுக்குச் சாயம் போடுவது. பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. கூட வேலைக்கு மச்சான், என் பெண்டாட்டியின் தம்பி. அவனுக்குக் கையைவிட வாய் அதிகம் வேலை செய்யும்.

எழுபதுகளில் ஒரு கோடை. மழை ஏமாற்றியிருந்தது. எங்கள் கிணறு அடிக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த தண்ணீரில் சோப்பு நுரைக்காது. கச்சாப்பட்டை நல்ல தண்ணீரில் வேகவைத்தால்தான் அதன் பசை கழலும். பசை போனால்தான் மினுமினுப்பு. அப்புறம்தான் சாயம்.

அந்த நேரத்தில் எங்கள் தெருவில் நெய்கிற ஓர் அக்கா, மகள் கல்யாணப் புடவைக்குப் பட்டு கொண்டுவந்தாள். புருஷன் இல்லாதவள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த நூல். தன் தறியிலேயே நெய்யப் போகிறாள்.

"அரக்கு போட்டுக் குடுங்கப்பா. இத வுட்டா என்னாண்ட ஒரு இழை இல்ல" என்றாள்.

முகூர்த்தப் புடவைப் பட்டை நாங்கள் இரண்டு தடவையாக வேகவைக்க மாட்டோம். பாவும் ஊடையும் ஒரே அண்டாவில், ஒரே வேகல். பிரித்தால் நிறமும் பிரியும், குடும்பமும் பிரியும் என்று பயம்.

மாகறல் போகிற வழியில் ஆழமில்லாத ஓர் உவர் ஏரி. துணி வெளுக்கிறவர்கள் அங்கே மண் எடுப்பார்கள். தண்ணீர் விரலில் சோப்பு போல வழுக்கும். மாட்டு வண்டியில் பீப்பாய் ஏற்றிக்கொண்டு போனோம்.

காலையில் தண்ணீர் தெளிந்து கிடந்தது. கணுக்கால் அளவுதான். உள்ளே ஒவ்வொரு கோரைத் தண்டுக்கும் வெள்ளையாக ஓர் உறை. உடைத்தேன். டிக்கென்றது. கல். ஒரு கொக்கு இறகும் கிடந்தது. அதுவும் பாதி கல்லாகியிருந்தது, இறகின் கோடு அழியாமல். நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பில்லை.

காலடியில் பொருக்கு. பெயர்த்தால் ஏடு ஏடாக வந்தது. மேல் ஏடு வெண்ணெயாகக் குழைந்தது. அடி ஏடு பாறை. எத்தனை கோடைகளோ.

"மாமா, ஏரிக்கு எவனோ வெள்ளையடிச்சிக்கினு இருக்கான்" என்றான் மச்சான்.

"எவன்டா?"

"தெரியல. ஆனா வேல சுத்தம். நம்ம கொட்டாய்க்கும் கூப்ட்டுக்கலாம்."

பீப்பாய் நிரம்பும்போது உச்சி வெயில். நடு ஏரியில் தண்ணீர் பால் கலந்தது போல வெளுத்தது. காற்றில்லை. யாரும் இறங்கிக் கலக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். மச்சானும் பக்கத்தில் வந்து நின்றான்.

திரும்பும் வழியில் பீப்பாய் ஒழுகியது. இருந்ததை அண்டாவில் ஊற்றி அடுப்பு மூட்டிப் பட்டைப் போட்டோம். சோப்பே இல்லாமல் பசை கழன்றது. ஆனால் தண்ணீர் சுண்டச் சுண்ட, மேலே கிடந்த நூல் சிட்டங்கள் வெளியே தெரிந்தன. அப்படி நின்றால் பட்டு கெடும். பாதியை எடுத்து வைத்தால் இரண்டு வேகல் ஆகிவிடும். கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினோம்.

அண்டா பாலாகிவிட்டது.

கண்ணெதிரே நடந்தது. இரண்டும் தெளிந்த தண்ணீர். இதிலும் கல் இல்லை, அதிலும் கல் இல்லை. சேர்ந்ததும் பொடி பொடியாகக் கல் பிறந்து கீழே இறங்கியது. ஏரியில் உவர், எங்கள் கிணற்றில் சுண்ணாம்பு என்று பிற்பாடு சாயக்கடைக்காரர் சொன்னார். அன்றைக்கு அது தெரியாது. ஏரி வெயிலில் உட்கார்ந்து மெல்ல மெல்லச் செய்கிற காரியம் எங்கள் அண்டாவுக்குள் நடந்துவிட்டது, அவ்வளவுதான் புரிந்தது.

பட்டைத் தூக்கினோம். அரிசிமாவில் புரட்டியது போல விறைத்திருந்தது. அலசியும் போகவில்லை. இதன்மேல் சாயம் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும்.

அப்போது பார்த்து அக்கா உள்ளே வந்தாள்.

"இன்னாப்பா இது, பட்டா அப்பளமா?"

"தண்ணியில கல்லு இருந்துச்சிக்கா" என்றான் மச்சான்.

"கல்லு இருந்தா வடிகட்ட மாட்டியா? கண்ணு எங்க போச்சி?"

"கண்ணுக்குத் தெரியாத கல்லுக்கா."

அவள் சிட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்படியே குந்திவிட்டாள்.

"ஆவணியில முகூர்த்தம். எம்பொண்ண இன்னாத்த கட்டி அனுப்புவேன்?"

திட்டியிருந்தால் தேவலை.

சாயம் துலங்குவதற்காகக் கடைசியில் எலுமிச்சைச் சாறு விடுவது எங்கள் வழக்கம். பழக்கூடை ஓரத்தில் இருந்தது. வெந்நீர்த் தவலையில் படியும் வெள்ளையை என் பெண்டாட்டி எலுமிச்சை மூடியால் தேய்த்து எடுப்பாள். அது நினைவுக்கு வந்தது.

"ஒரு இழை குடுக்கா. போனா அது மட்டுந்தான்."

அவளே பிய்த்துக் கொடுத்தாள். சாறு பட்டதும் இழை நெடுக நுரைத்தது. காதருகே வைத்தேன். மெல்லிய சீறல். கல், காற்றாகிப் போய்க்கொண்டிருந்தது. இழை மட்டும் மினுங்கியது.

"சோடா கணக்கா பொங்குதே மாமா!"

"வாயப் பொளக்காத. பழத்த நறுக்கு."

கூடை தீர்ந்தது. மச்சான் தெருவெல்லாம் ஓடி வீடு வீடாக வாங்கி வந்தான். மூன்று பேரும் பிழிந்தோம். வெறும் தண்ணீரில் சாற்றைக் கலந்து சிட்டங்களை முக்கினோம். பொங்கிப் பொங்கி அடங்கியது.

அலசி முறுக்கிப் பிழிந்து நீட்டினேன். பசை போன பட்டைக் கசக்கினால் கறுக் கறுக்கென்று சத்தம் வரும். அக்கா காதோடு வைத்துக் கசக்கினாள். மறுபடியும் கசக்கினாள். பட்டைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"சாயத்த கலக்குங்கப்பா" என்றாள் கடைசியில். "நான் இங்கயே குந்திக்கினு இருக்கேன்."

கழியில் மாட்டி இறக்கினேன். அரக்கு நுனியிலிருந்து நுனிவரை ஒரே சீராக ஏறியது. அதைப் பார்த்த பிறகுதான் அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள்.